தகர டப்பாவும் ஆர்மோனியமும்

'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' நாவலை முதல் தடவை படித்தபோது எனக்கு அதில் வரும் பிரான்சியின் மேல் கோபம்தான் வந்தது.

பதினொரு வயதுப் பிள்ளை அவள். வீட்டில் ரொட்டிகூடப் பழசாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள், விலை குறைவு என்பதால். ஆனால் காப்பி மட்டும் எல்லோரையும் போல அவளுக்கும் உண்டு. அவளோ அதைக் குடிப்பதில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சூடு காய்வாள், வாசனை பிடிப்பாள், ஆறினதும் தொட்டியில் ஊற்றிவிடுவாள். வீட்டுக்கு வரும் பெரியம்மாக்களுக்கு இது பொறுக்கவில்லை. அம்மாக்காரி கேட்டி அலட்டிக்கொள்வதே இல்லை. அது அவளுடைய பங்கு, குடித்தாலும் கொட்டினாலும் அவள் இஷ்டம் என்கிறாள். நம்மைப் போன்றவர்களும் எப்போதாவது ஒரு பொருளை வீணாக்கிப் பார்க்கட்டும், காசு புழங்குகிற வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்கிறாள்.

எங்கள் வீட்டில் தேயிலையை இரண்டு தடவை கொதிக்க வைப்போம். கன்டென்ஸ்டு மில்க் டின் தீர்ந்துவிட்டால் அதில் வெந்நீர் ஊற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அம்மா குலுக்குவாள். வெள்ளையாக ஏதோ கொஞ்சம் வரும். அதுவும் டீயில் சேரும். மறுநாளும் அதே டின்னில் இன்னொரு தடவை வெந்நீர். அந்தக் களக் களக் சத்தத்தில்தான் நான் பல நாள் கண்விழித்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் காப்பியைத் தொட்டியில் கொட்டும் பிள்ளையைப் படித்தால் என்ன தோன்றும்? ரெண்டு வைக்கலாம் என்றுதான் தோன்றும்.

புத்தகத்தைப் பன்சொடான் தெரு நடைபாதையில் வாங்கினேன். ரங்கூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் குவித்திருப்பார்கள். பாலி மொழி இலக்கணத்தின் மேல் ரஷ்யக்காரன் போட்ட எஞ்சினியரிங் புத்தகம் கிடக்கும். 1994ஆக இருக்கும். அப்போது நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. யார் எழுதியது என்று தெரியாமலேயே படித்து முடித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம். பக்கங்களின் தலைப்பில் அச்சாகியிருந்த பெயரை வைத்துக்கொண்டு பின்னாளில்தான் விவரம் தெரிந்தது. 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்', பெட்டி ஸ்மித் எழுதியது, 1943இல் வந்தது. யுத்தத்துக்குப் போன அமெரிக்க சிப்பாய்களுக்காகச் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி, உயரத்தைவிட அகலம் கூடுதலாக, குட்டிப் புத்தகங்கள் அச்சடித்துக் கொடுத்தார்களே, அந்த வரிசையிலும் இது உண்டு. வடக்கே யுத்தத்துக்காக லீடோ சாலை போட்ட அமெரிக்கச் சிப்பாய் எவனாவது கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு இதைப் படித்திருப்பானோ என்று நினைத்துக்கொள்வேன். என்னுடையது அந்தக் குட்டிப் பதிப்பு இல்லை, சாதாரணப் புத்தகம்தான். இருந்தாலும் நினைப்பதற்குக் காசா, பணமா.

தலைப்பில் உள்ள மரம் ஒரு முரட்டு ஜாதி. சிமென்ட் தரையைப் பிளந்துகொண்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், ஏழைகள் குடியிருக்கும் இடமாகப் பார்த்து முளைக்கும். நம்மூர்ப் பெருமரத்துக்கு அது பங்காளி முறை. எனக்கு அந்த மரத்தைக் கற்பனை செய்யச் சிரமமே இல்லை. கீழ் ரங்கூனில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் எதையாவது நிமிர்ந்து பாருங்கள். நாலாவது மாடிச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று நின்றுகொண்டிருக்கும். அதன் வேர் மூன்றாவது மாடி ஜன்னல் வரை இறங்கியிருக்கும். வெட்டினால் பாவம் என்று யாரும் தொட மாட்டார்கள். மழைக்கு மழை சுவர் இன்னும் கொஞ்சம் வாய் பிளக்கும்.

நாங்கள் இருந்ததும் அந்த மாதிரி ஒரு கட்டடத்தில், ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பேப்பர்காரனுக்காகப் பால்கனியிலிருந்து தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். மேலே கயிற்றின் தலைமாட்டில் சின்ன மணி. கீழே இருப்பவன் இழுத்தால் மேலே அடிக்கும். ஐந்து மாடி ஏறி இறங்கும் கஷ்டத்தில் உண்டான சாமர்த்தியம். நாவல் நடக்கிற வில்லியம்ஸ்பர்க்கின் அடுக்குமாடி வீடுகளை, முன்கட்டையும் பின்கட்டையும், தீ விபத்தின்போது இறங்குவதற்கான இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரான்சி புத்தகம் படிப்பதை எல்லாம் நான் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டேதான் படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாவலில் பிரான்சியைவிட அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முக்கியமாக அவளுடைய அம்மாவும் அப்பாவும். கேட்டி நோலன் வாடகைக்குப் பதிலாகக் குடியிருக்கும் கட்டடத்தையே கழுவிவிடுகிறவள். ஜானி நோலன் ஓட்டல்களிலும் விருந்துகளிலும் பாடிக்கொண்டே பரிமாறுகிறவன், வேலை கிடைத்தால். கிடைக்காத நாளில் குடிப்பான். கிடைத்த நாளிலும் குடிப்பான். சம்பளத்தைக் கேட்டியிடம் கொடுத்துவிட்டு, டிப்ஸைத் தன்னிடம் வைத்துக்கொள்வான். அவள் சேர்ப்பவள், இவன் கரைப்பவன். இந்த ஜோடியை நமக்குத் தெரியும். நம் சினிமாக்காரர்கள் எத்தனையோ தடவை எடுத்துவிட்டார்கள்: புருஷன் ஊதாரி, பெண்டாட்டி தெய்வம், கடைசி ரீலில் அவன் கண்ணீர். பெட்டி ஸ்மித் அப்படி எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்பு சொல்லவே மாட்டேன் என்கிறார். எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. நான் முழுக்கக் கேட்டி கட்சி.

அதற்குக் காரணம் அந்தத் தகர டப்பா. பிரான்சி பிறந்ததும் கேட்டி தன் அம்மாவிடம் யோசனை கேட்கிறாள். மேரி ரோம்மெலி ஆஸ்திரியாவிலிருந்து வந்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். இந்தப் பிள்ளை நம்மைவிட நல்லா இருக்க என்ன செய்யணும் என்று மகள் கேட்டதற்கு அவள் சொல்லும் பதில்தான் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த இடம். தினமும் பிள்ளைக்கு ஒரு பக்கம் பைபிள், ஒரு பக்கம் ஷேக்ஸ்பியர் படித்துக் காட்டு. பேய்க்கதை, தேவதைக்கதை எல்லாம் சொல்லு. அப்புறம், ஒரு தகர டப்பாவை அலமாரிக்குள்ளே இருட்டு மூலையில் தரையோடு ஆணியடித்து வை. வருகிற காசில் கொஞ்சம் அதில் போடு. என்றைக்காவது ஒரு துண்டு நிலம் வாங்கு. நிலம் இருந்தால்தான் மனுஷன்.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அப்பாயி கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஆங்கிலம் பேசுகிற மாதிரி இருந்தது.

அப்பாயிக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ராத்திரி என்னைச் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து, பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் என்பது கோயில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பாகச் சுருங்கிவிட்டது. ளகரத்தையும் ழகரத்தையும் நான் மாற்றிப் படித்தால் அப்பாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்துவாள். உலக்கை நின்றாலே தப்பு என்று அர்த்தம். எழுத்தே தெரியாதவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் கதை முழுக்க மனப்பாடம். பிறகு எதற்காக என்னைப் படிக்கச் சொன்னாள் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு.

அப்பாயியின் டப்பா ஓவல்டின் டப்பா. ஆணியடிக்கவில்லை, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அந்த டப்பாவின் சரித்திரத்தைச் சொன்னால் பர்மாவின் சரித்திரத்தில் பாதி வந்துவிடும். 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நோட்டும் போனது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அந்தக் காலத்தில்தான் கப்பலேறி மதராஸ் போனார்கள். அப்பாயி போகவில்லை. அன்றிலிருந்து பெரிய நோட்டே வைக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். 1985இல் மறுபடியும் 50, 100 செல்லாது என்றபோது அவள் டப்பாவுக்குச் சேதமில்லை. பார்த்தியா என்று அம்மாவைப் பார்த்து ஒரு பார்வை. அதற்கப்புறம் வந்தன 75, 35 என்று விசித்திர நோட்டுகள். 75 என்பது பெரிய நோட்டா, சின்ன நோட்டா? அப்பாயியின் விதியில் இதற்கு இடமில்லை. போகட்டும், நூறுக்குக் கீழேதானே என்று உள்ளே வைத்தாள்.

1987 ஆவணி மாதக் கதை இது. அதற்குள் அப்பாயிக்குக் கண் மங்கி, டப்பாவின் பொறுப்பு அம்மாவிடம் வந்துவிட்டது. அப்பா துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணி எழுதுகிற குமாஸ்தா. வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் பாடுவார். கல்யாண வீடுகளில் கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். ரம்மும் உண்டு. ஜானி மாதிரியேதான் மாடிப்படியில் பாடிக்கொண்டே ஏறுவார். ஜானி வீட்டில் அது ஒரு விளையாட்டு: அவன் பாட்டை முடிப்பதற்குள் இவர்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டால் இவர்களுக்கு ஜெயம். எங்கள் அப்பாவுக்கு மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கிவிடும். மீதி இரண்டு மாடி முனகல்தான். சரணம் நாங்கள் கேட்டதே இல்லை.

ஒரு மத்தியானம் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, அப்பா அரிசிப் பானைக்குள் கையை விட்டார். நான் பார்த்தேன். அப்பாயி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு ஆள் பிடிக்க ஒரு பழைய ஆர்மோனியம் ஐந்து மாடி ஏறி வந்தது. மூன்று கட்டை ஊமை. துருத்தியில் தையல் போட்டிருந்தது.

அம்மா கத்தவில்லை, அழவில்லை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "தம்பி, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள், அவர் எதிரிலேயே. இப்படி இரண்டு மூணு வாரம் ஓடியிருக்கும்.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை மாற்றிக்கொடுக்கும் பேச்சே கிடையாது. பதினைந்தும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் தப்பின. அம்மா டப்பாவைக் கவிழ்த்து நோட்டுகளைத் தரையில் ஜாதிவாரியாக அடுக்கினாள். எண்ணினாள். எவ்வளவு என்று இன்றுவரை சொன்னதில்லை. அடுத்த ஒரு மாதம் நானும் தம்பியும் அந்த 75 சாட் நோட்டுகளை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினோம். ஒரு புளியங்கொட்டை 75 சாட்.

அன்று ராத்திரி அப்பா ஆர்மோனியத்தைத் தொடவில்லை. வெற்றி பெற்றவர் மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அவரைப் பால்கனியிலிருந்து தள்ளியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதைக் கேட்பவர்கள் உடனே "பார்த்தீர்களா, செலவழித்தவர்தான் புத்திசாலி" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். மறு வருஷம், 1988 மழைக்காலம். போராட்டத்தில் ஊர் நின்றுபோயிருந்தது, அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. அப்பா ஆர்மோனியத்தைத் தானே தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ஒரு பாண்டு வாத்தியக்காரர் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது தோளில் அரிசி மூட்டை. ஊதாரித்தனம் என்று அம்மா சொன்ன அந்தச் சாமான்தான் கடைசியில் டப்பாவாக இருந்தது. ஆனால் அப்பா அதைச் சேமிப்பு என்று நினைத்தா வாங்கினார்? கிடையாது. வாசிக்கத்தான் வாங்கினார். அம்மா சொல்வதும் அதுதான்: "அவருக்கு என்ன ஜோசியமா தெரியும்? நோட்டு செல்லும்னாலும் அதத்தான் செஞ்சிருப்பாரு." இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இந்த அனுபவத்தோடு படித்தபோதுதான் நாவலின் டப்பா எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கேட்டியின் டப்பாவும் நிலம் வாங்கத்தான் இருந்தது. 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜானி செத்துப்போகிறான். முப்பத்து நான்கு வயசு. கேட்டி அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. புதைப்பதற்கு இடம் வாங்க வேண்டும். அத்தனை வருஷமாகக் காசு போட்டு வந்த டப்பாவைப் பெயர்த்து எடுத்து, சவக்குழிக்கு ஒரு துண்டு பூமி வாங்குகிறார்கள். மேரி பாட்டி சொன்ன நிலம் அதுதான். நோலன் குடும்பம் நிலச்சுவான்தார் ஆன கதை. இதை எழுதியவர் அழவே இல்லை, கணக்குப் பிள்ளை மாதிரி வரவு செலவு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். நான் அப்பாயியின் டப்பாவை நினைத்துக்கொண்டேன்.

கேட்டியின் கணக்கு அத்தோடு முடியவில்லை. சாவுச் சான்றிதழில் டாக்டர் குடியையும் சேர்த்து எழுதப் பார்க்கிறார். நிமோனியா என்று மட்டும் எழுதுங்கள் என்று கேட்டி விடாப்பிடியாக நிற்கிறாள். உயிரோடு இருந்தபோது அவனுடைய குடியை ஒரு நாளும் மன்னிக்காதவள், காகிதத்தில் அது ஏறக் கூடாது என்று நிற்கிறாள். பிள்ளைகளுக்கு அப்பன் பெயர் வேண்டுமே. சேர்ப்பவளின் குணம் பாருங்கள், புருஷனின் மானத்தைக்கூடச் சேர்த்து வைக்கிறாள்.

ஜானி விட்டுப்போனது என்ன? நாவிதர் கடை அலமாரியில் அவன் பெயர் தங்க எழுத்தில் போட்ட ஒரு சவரக் கோப்பை. சொந்தக் கோப்பை வைத்திருப்பது அந்தக் காலத்தில் ஒரு கௌரவம். அதற்கெல்லாம் ஜானிக்குக் காசு இருக்கும். அவன் போன பிறகு அந்தக் கோப்பையை வாங்கிவரப் பிரான்சி போகிறாள்.

அப்புறம் அந்தப் பூங்கொத்து. பிரான்சி பள்ளி முடிக்கும் நாள். மற்றப் பிள்ளைகளின் மேசையில் எல்லாம் பூ இருக்கும், தன் மேசையில் இருக்காது என்று தெரிந்தே போகிறாள். இருக்கிறது. கூடவே ஒரு அட்டை, செத்துப்போன அப்பாவின் கையெழுத்தில். சாவதற்கு முன்பே ஜானி இரண்டு டாலரைத் தன் மச்சினி சிஸ்ஸியிடம் கொடுத்து, அட்டையும் எழுதிக் கொடுத்து, அன்றைக்கு இவளுக்குப் பூ போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான். அந்த இரண்டு டாலரை டப்பாவில் போட்டிருந்தால் அதுவும் சவக்குழிக்குத்தான் போயிருக்கும். நான் கேட்டி கட்சியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றது இந்தப் பக்கத்தில்தான். முழுக்கக் கட்சி மாறவில்லை. அந்த இரண்டு டாலர் இல்லாத வாரங்களில் பட்டினியை மறக்கக் கேட்டி ஒரு விளையாட்டு வைத்திருந்தாள்: வடதுருவத்தில் பனிக்குகைக்குள் மாட்டிக்கொண்டோம், உதவி வரும்வரை இருக்கிறதைப் பங்கிட்டுத் தின்ன வேண்டும். அந்த விளையாட்டுக்குச் சாப்பாடு இல்லாமல் செய்தவன் யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

சிஸ்ஸியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கேட்டியின் அக்கா. ரப்பர் தொழிற்சாலையில் வேலை, ஒன்றுக்கு மேல் கல்யாணம், வாழ வந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் 'ஜான்' என்று ஒரே பெயர். முதலில் பெற்ற பிள்ளை பத்தும் செத்தே பிறக்கின்றன. அப்படியும் அவள் வாயில் சிரிப்பு போகவில்லை. வீட்டுக்கு ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் கொண்டுவந்து சேர்த்தவள் இவள்தான். ஒன்றை நூலகக்காரியிடம் பேசிச் சில்லறைக்கு வாங்கினாள், இன்னொன்றை ஓட்டல் அறையிலிருந்து எடுத்துவந்துவிட்டாள். திருடிய பைபிளில் படித்து வளர்ந்த பிள்ளை பிரான்சி. எங்கள் குடும்பத்தில் சிஸ்ஸி மாதிரி யாரும் இருந்ததில்லை என்று எழுத வந்தேன். உண்மை அதுவல்ல. இருந்திருந்தால் நாங்கள் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டோம். கோயில் கமிட்டியில் பேச்சாகியிருக்கும். ஆஸ்திரியாக்காரக் கிழவி தன் பெண்ணுக்குக் கொடுத்த இடத்தை எங்கள் பெரியவர்கள் எந்தப் பெண்ணுக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மற்றவர்களில் ஈவி பெரியம்மாவின் புருஷன் வில்லியும் அவனை வெறுக்கிற அந்தப் பால்வண்டிக் குதிரையும் சிரிப்புக்கு. கடைசிப் பகுதியில் வரும் போலீஸ்காரர் மக்ஷேன் எனக்கு ஒட்டவே இல்லை. பணமும் பண்புமாக ஒருவர் வந்து கேட்டியைக் கட்டிக்கொண்டு எல்லோர் கஷ்டத்தையும் தீர்த்துவைப்பது கதைக்கு அவசரமாகப் போட்ட ஒட்டு. பெட்டி ஸ்மித்துக்கும் இவர்களைக் கஷ்டத்திலேயே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் தள்ளித் தள்ளிப் போட்டுவந்தேன்.

மகன் நீலி பிறந்ததும் கேட்டிக்குத் தெரிந்துவிடுகிறது, இவன் மேல்தான் எனக்குப் பாசம் கூடுதல் என்று. பெண்ணுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் முடிவும் எடுக்கிறாள். பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? வருஷங்கள் கழித்து ஒருவரைத்தான் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை. படிக்கத் துடிப்பவள் பிரான்சி, படிப்பே வேண்டாம் என்பவன் நீலி. கேட்டி நீலியை அனுப்புகிறாள். அவனை இப்போது விட்டால் அவன் படிக்கவே மாட்டான். பிரான்சி எப்படியாவது போராடிப் படித்துவிடுவாள். இதுதான் அவள் சொல்லும் நியாயம்.

1988இல் மூடிய பல்கலைக்கழகம் 1991இல் திறந்தபோது என் வீட்டில் காசு ஒருவருக்குத்தான் இருந்தது. தம்பி கப்பல் வேலைக்குப் போகப் பயிற்சி, புத்தகம், ஏஜென்ட் என்று செலவு. நான் மறுபடி படிக்கப் போக வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அவன விட்டா கெட்டுப்போவான். நீ எப்படியும் பொழச்சுக்குவ." துணிக்கடைக் கணக்குப் புத்தகம் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில், அட்டையில்லாத ஒரு புத்தகத்தில் படித்தேன். முதலில் தோன்றியது, அம்மாவை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான். கேட்டி சொன்னது பலிக்கிறது, பிரான்சி வேலை பார்த்துக்கொண்டே படித்துக் கடைசியில் மிச்சிகனுக்குப் பல்கலைக்கழகம் போகிறாள். நான் போகவில்லை. பிழைத்துக்கொண்டேன், அதில் அம்மா சொன்னது சரிதான். தம்பி கெடவில்லை, அதிலும் சரிதான். ஆனால் கேட்டி தன் மனசுக்குள் ஒப்புக்கொண்ட அந்த விஷயத்தை, எனக்கு அவன்தான் ஒரு படி மேலே என்பதை, அம்மா ஒப்புக்கொண்டாளா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை. நாவலில் ஆசிரியர் கேட்டியின் மனசைத் திறந்து காட்டிவிடுகிறார். வீட்டில் அந்த வசதி இல்லை.

அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். இப்போது அவளுக்கும் கண் மங்கல். கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிற இந்த நாட்களில், ராத்திரி பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு நான் அந்தப் புத்தகத்தை எடுத்து, மனசுக்குள் ஆங்கிலத்தைப் படித்து, வாயால் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் இரண்டு. பிரான்சி என்ற பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை, "அந்தப் பாப்பா" என்கிறாள். கேட்டி செய்கிற எல்லாவற்றுக்கும் "சரிதான்" என்று தலையாட்டுகிறாள். டப்பாவை ஆணியடித்து வைத்த இடத்தில் மட்டும், "அரிசிப் பானைதான் பத்திரம்" என்றாள்.

போன வாரம் காப்பியைத் தொட்டியில் ஊற்றுகிற பக்கம் வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே படித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பால் ஊத்துன காப்பியா, கடுங்காப்பியா?"

"பால் ஊத்துனதுதாம்மா."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். மென்றாள். தெருவில் யாரோ கயிற்றை இழுத்தார்கள், மேல்வீட்டு மணி அடித்தது.

"போதும், விளக்க அணை. நாளைக்கு அந்த அப்பன்காரன் பாடிக்கிட்டே படியேறி வருவானே, அந்த இடத்த இன்னொரு தடவ படி" என்றாள்.